ஹால் டி.வி.யா, மேஜைத் திரையா?

போன மாசம் சிவகாசிக்குப் போயிருந்தேன். விருதுநகரில் பஸ் ஏறினால் ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டியதும் ஊர் வந்துவிடும். என் தங்கை மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது அங்கேதான். குழந்தைக்கு ஒன்பது மாசம். பல் முளைக்கிற நேரம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமே என்று சம்பந்தியம்மாவுக்குச் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். ஹாலில் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, கோபுர தரிசனம் செய்கிறவள் மாதிரி அண்ணாந்துகொண்டிருக்கிறாள். மடியில் தலையணை, அதன் மேல் லேப்டாப். அதிலிருந்து சுவர்வரைக்கும் துணிக்கொடி மாதிரி ஒரு கறுப்பு ஒயர். நிலைப்படி உயரத்தில் மாட்டியிருந்த டி.வி.யில் திரை நிறைய மயில்மேல் முருகன்!

"என்னத்தா இது, பட்டப் பகல்ல பக்திப் படமா?" என்றேன்.

"படம் இல்ல பெரியம்மா, காலண்டர் அட்டை! ஆடிப் பதினெட்டுக்குள்ள ஆல்பத்துக்குக் குடுக்கணும். லேப்டாப்ல எல்லாம் எறும்பு எறும்பாத் தெரியுது. அதான் டி.வி.ல மாட்டிட்டேன்."

வெளியூர் வாசகியருக்கு ஒரு வார்த்தை. அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். நாம் மார்கழியில் சுவரில் மாட்டுகிற முருகனும் லட்சுமியும் இங்கே ஆனி மாசத்திலேயே தயாராகிவிடுவார்கள். பட்டாசுப் பெட்டி லேபிள், தீப்பெட்டி லேபிள் வேலையும் உண்டு. முன்பெல்லாம் இதற்கு ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருப்பார். இப்போது கம்ப்யூட்டர். அதனால்தான் கைக்குழந்தைக்காரிகள்கூட வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க முடிகிறது.

நல்லதுதான். ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் எனக்கு நன்றாகப் படவில்லை. கண் சிவந்திருக்கிறது. கழுத்தைத் திருப்ப உடம்பையே சேர்த்துத் திருப்புகிறாள். சாயந்தரமானால் தலைவலித் தைலம். பால் கொடுக்கிறவள், ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு பதினோரு மணிக்கு உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.

"இதைவிடப் பெரிய கதை ஒண்ணு இருக்கு மதினி" என்று காப்பி கொண்டுவந்த சம்பந்தியம்மா ஆரம்பித்தார். போன தடவை செய்த படத்தில் மயில் கழுத்து நீலம் டி.வி.யில் ஜொலித்ததாம். அச்சில் புரூப் எடுத்தால் கத்தரிக்காய் நிறம்! பார்ட்டி வேண்டாம் என்றுவிட்டார். அச்சகத்துக்காரர் குரல் உயர்த்தவில்லை. "அடுத்த வேலைல கலர் பாத்துக்கம்மா" என்று மட்டும் சொன்னாராம். அவர் திட்டியிருந்தால்கூட இவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இந்தச் சமயத்தில் மருமகப்பிள்ளைக்கு ஒரு யோசனை. சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. பழைய 32 இஞ்சை எடுத்துவிட்டு 43 இஞ்சு டி.வி. வாங்கினால் எல்லாரும் பார்க்கவும் ஆச்சு, இவள் வேலைக்கும் ஆச்சு. "பெரிசா இருந்தா கண்ணுக்கு நல்லதுதானே?" என்று என்னைக் கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டுவிட்டேன். பிள்ளையின் படிப்புக்காகவோ, அம்மாவின் வேலைக்காகவோ ஒரு திரை வேண்டியிருக்கிறது. மானிட்டர் தனியாக வாங்குவதா, டி.வி.யையே மாட்டிக்கொள்வதா? அதனால் அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். நான் இஞ்சினீயர் இல்லை. இந்தக் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்தபோது நானும் ஹால் டி.வி.யை மாட்டிக் கழுத்து பிடித்துப் போனவள். அந்த அனுபவம்தான்.

கம்ப்யூட்டருக்கு டி.வி. மாட்டுவது புதுசு என்று நினைக்காதீர்கள். 1982-ல் இங்கிலாந்தில் சின்க்ளேர் 'ஸ்பெக்ட்ரம்' என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் திரையே கிடையாது, வீட்டு டி.வி.யின் ஆன்டெனா துளையில் மாட்ட வேண்டியது. ஒரு வரிக்கு 32 எழுத்துதான் தெரியும். விளையாடப் போதும், ஒரு கடிதம் எழுதுவதென்றால் ததிங்கிணதோம். நம் ஊரில் 2006-லிருந்து அரசு வீடு வீடாகக் கொடுத்ததே 14 அங்குலக் கலர் டி.வி., அதில் இன்றைய கம்ப்யூட்டர் ஒயரை மாட்டத் துளையே இல்லை. 2011-லிருந்து பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் வந்தது. பிறகு தட்டை டி.வி. எல்லா வீட்டுக்கும் வந்தது. ஹெச்.டி.எம்.ஐ. என்கிற ஒரே ஒயரில் இரண்டையும் இணைத்துவிடலாம் என்று ஆன பிறகுதான் இந்த ஆசை எல்லாருக்கும் வந்திருக்கிறது.

மருமகப்பிள்ளையை அச்சகத்துக் கதையிலேயே மடக்கினேன். "மாப்பிள்ளை, காலண்டர் படத்தை லென்ஸ் வச்சுப் பாத்திருக்கீங்களா?"

"அது தெரியாமலா? நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு... எல்லாம் புள்ளிதான்."

"ரோட்டோரத்துல சினிமா பேனர் இருக்கே, அதுல?"

"அதுல புள்ளி பெரிசா இருக்கும். கிட்டப் போனா மூஞ்சியே தெரியாது. தள்ளி நின்னாத்தான்..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். புரிந்துவிட்டது.

டி.வி.யும் அப்படித்தான். எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதற்கென்று செய்த சாமான். திரையும் புள்ளிக் கோலம்தான். 'ஃபுல் ஹெச்.டி.' என்றால் குறுக்கே 1920 புள்ளி. திரை 24 அங்குலமானாலும் 43 அங்குலமானாலும் அதே 1920தான். சின்ன வாசலில் போட்ட கோலத்தைப் பெரிய வாசலுக்கு இழுத்தால் என்ன ஆகும்? புள்ளிக்குப் புள்ளி இடைவெளி விரியும். 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 36 புள்ளி விழும். 43 அங்குல ஃபுல் ஹெச்.டி. டி.வி. சுமார் 95 சென்டிமீட்டர் அகலம். அங்கே 20 புள்ளிதான். இவர்கள் வீட்டு 32 அங்குலம் 'ஹெச்.டி. ரெடி'. அப்படியென்றால் குறுக்கே 1366 புள்ளி, சென்டிமீட்டருக்கு 19. அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய 15.6 அங்குல லேப்டாப்பிலோ 55!

ஆக, எறும்பு மாதிரி இருந்த எழுத்து டி.வி.யில் பெரிசானது நிஜம். கூடவே ஓரமெல்லாம் பிசிறடித்துப் போயிற்று. மயில் தோகையில் ஒவ்வொரு கண்ணையும் திருத்துகிறவளுக்கு இது போதுமா? பிசிறாகத் தெரிகிறதென்று கண்ணை இடுக்குகிறோம், நாற்காலியை முன்னே இழுக்கிறோம். கிட்டப் போனால் இன்னும் பிசிறு.

'4கே' டி.வி.யில் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். குறுக்கே 3840 புள்ளி. 43 அங்குலத்தில் சென்டிமீட்டருக்கு 40 ஆகிறது, மானிட்டருக்குச் சமம். அப்படியானால் வாங்கிவிடலாமே என்றார் மருமகப்பிள்ளை. வாங்கலாம். எங்கே வைப்பீர்கள்? வேலைக்கு என்றால் மேஜைமேல், முகத்திலிருந்து மூன்றடி தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவு ஆழமான மேஜை வேண்டும். சுவரில் நிலைப்படி உயரத்தில் மாட்டினால் எத்தனை கே இருந்தும் கழுத்து பிடிக்கத்தான் செய்யும். ராத்திரி எட்டு மணிக்கு மாமியார் சீரியல் பார்க்கும்போது மருமகள் முருகனுக்கு வேல் வரைய முடியுமா? (இதைச் சொன்னதும் சம்பந்தியம்மா சேவுப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாகிவிட்டார்.)

உயரத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். திரையின் மேல் விளிம்பு நம் கண்ணுக்கு நேராகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும். பார்வை லேசாகக் கீழ்நோக்கி விழ வேண்டும். அண்ணாந்து பார்க்கும்போது இமை அகலத் திறக்கிறது. கண் சீக்கிரம் உலர்கிறது. சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். சிவகாசி வெயிலில், தலைக்கு மேல் மின்விசிறி சுழல, சிமிட்டாத கண் என்ன பாடுபடும்! வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கி நோவுதான் மிச்சம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னல் வழியே இருபதடி தள்ளி இருக்கிற எதையாவது இருபது விநாடி பாருங்கள் என்பது கண் டாக்டர்கள் சொல்கிற எளிய பயிற்சி. வேப்பமரம் இருந்தால் விசேஷம்.

இனி நீலம் கத்தரிக்காய் நிறமான கதை. டி.வி.யின் படத்துக்குப் பல மாதிரி அமைப்புகள் உண்டு. கடையில் வெளிச்சத்துக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டுமே என்று 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்று ஒரு அமைப்பு வைத்திருப்பார்கள். வெள்ளை நீலம் பூத்துத் தெரியும், சிவப்பு குங்குமத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி இருக்கும். பாதிப் பேர் வீட்டில் அதை மாற்றுவதே இல்லை. இவர்கள் வீட்டிலும் அதேதான். 'சினிமா' என்கிற அமைப்புக்கு மாற்றினேன். முருகன் கொஞ்சம் மங்கினார், ஆனால் நிஜ நிறத்துக்கு வந்தார். "அய்யோ, இதுவா என் நீலம்?" என்று பெண் பதறினாள்.

அதோடு போகவில்லை. திரை, சிவப்பு பச்சை நீல வெளிச்சத்தைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு, காகிதத்தில் மையைக் கலந்து நிறம் காட்டுகிறது. வெளிச்சத்தில் வருகிற சில பளிச் நீலமும் பச்சையும் மையில் வரவே வராது. எந்தத் திரை வாங்கினாலும் இப்படித்தான். அதனால் காகிதப் புரூப் பார்க்காமல் 'சரி' சொல்லக் கூடாது என்று அவள் கையிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். திரை செய்ய வேண்டியது, பொய் சொல்லாமல் இருப்பதுதான். மானிட்டர் பெட்டியில் 'ஐ.பி.எஸ்.' என்று போட்டிருந்தால் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது. 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்று போட்டு 99 சதவிகிதம் என்றிருந்தால் இந்த மாதிரி வேலைக்குத் தாராளம்.

டி.வி.யில் இன்னொரு சூட்சுமம். நீலப் பின்னணியில் சின்னதாகச் சிவப்பு எழுத்து எழுதிப் பாருங்கள். பட்டாசு லேபிளில் இது சகஜம். சில டி.வி.யில் எழுத்தின் ஓரம் ஈரத்தில் பட்ட குங்குமம் மாதிரி கசிந்திருக்கும். அச்சகத்தில் 'ரெஜிஸ்டர் விலகிப்போச்சு' என்பார்களே, அதைப்போல. நிறத் தகவலை டி.வி. சுருக்கிக்கொள்வதால் வருகிற வினை. சினிமா பார்க்கும்போது தெரியாது. டி.வி. அமைப்பில், கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிற துளையின் பெயரைப் 'பி.சி.' என்று மாற்றினால் பல டி.வி.களில் இது சரியாகிவிடும். ஓரத்தில் படம் வெட்டுப்பட்டு, கீழே உள்ள பட்டை காணாமல் போனால் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று எதாவது இருக்கும், அதைத் தட்டுங்கள். எழுத்து அடித்து ஒரு கணம் கழித்துத் திரையில் வந்தால் 'கேம்' அமைப்பு. 4கே டி.வி.யில் அம்புக்குறி விட்டு விட்டு நொண்டினால், லேப்டாப்போ ஒயரோ பழசாக இருந்து விநாடிக்கு 60 படத்துக்குப் பதில் 30 அனுப்புகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே டி.வி. இருக்கிறது, மானிட்டருக்கு இப்போது கையில் பணமில்லை என்கிறவர்கள் இவ்வளவும் செய்துகொண்டு, டி.வி.யைச் சுவரிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, எழுத்தைப் பெரிசாக்கிச் சமாளிக்கலாம். தினம் அரை மணி வேலைக்கு அது போதும்.

மின்சாரமும் பார்க்க வேண்டும் அல்லவா? 24 அங்குல மானிட்டர் சுமார் 20 வாட் இழுக்கும்; 43 அங்குல டி.வி. அதைப்போல மூன்று நாலு மடங்கு. நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றால் இரண்டு மாசக் கணக்கில் ஒன்று சுமார் 10 யூனிட், மற்றது சுமார் 30-லிருந்து 40 யூனிட். வரி விஷயத்தில் மட்டும் இப்போது பேதமில்லை. முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் மானிட்டருக்கும் 28 சதவிகித ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. "பெரிசுக்கு வரி குறைஞ்சிருச்சு" என்று கடையில் ஆசை காட்டுவது இதை வைத்துத்தான்.

டி.வி.யை நான் தூற்றுகிறேன் என்று எண்ண வேண்டாம். பிள்ளைகள் வீடியோப் பாடம் பார்க்கிறார்களே, அதற்கு டி.வி.தான் உத்தமம். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பித்து, அடுத்த வருஷமே பள்ளிக்கூடங்கள் மூடியபோது, செல்போனை மூக்கருகில் வைத்துப் படித்த பிள்ளைகளைவிட எட்டடி தள்ளி உட்கார்ந்து டி.வி.யில் பார்த்த பிள்ளைகளின் கண்ணுக்கு வேலை குறைவு. பார்க்கிற வேலைக்கு டி.வி., படிக்கிற எழுதுகிற வரைகிற வேலைக்கு மேஜைத் திரை என்பது என் அபிப்பிராயம். கைக்குழந்தைக்கு இரண்டும் வேண்டாம். ஒரு வயசுக்குள் திரையே காட்டக் கூடாது, இரண்டிலிருந்து நாலு வயசுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

குழந்தை என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாலில் தொங்கிய அந்தக் கறுப்பு ஒயரை நம்ம பேரன் தவழ்ந்து வந்து பிடித்து இழுத்தான் பாருங்கள், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது! லேப்டாப் அவன் தலையில் விழாதது அந்த முருகன் புண்ணியம். மேஜையில் வைக்கிற திரையானாலும் விளிம்பிலிருந்து தள்ளி, சுவரோரம் வையுங்கள். ஒயரை மேஜைக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். டி.வி.யை ஸ்டாண்டில் வைத்தால் பின்பக்கம் சுவரோடு பட்டி போட்டு இறுக்குங்கள். நிற்கப் பழகுகிற பிள்ளை எதைப் பிடித்து எழும் என்று சொல்ல முடியாது.

கடைசியில் என்ன முடிவு என்று கேட்பீர்கள். அன்று சாயந்தரமே பழைய செய்தித்தாளை எடுத்து, 24 அங்குலத்துக்கு ஒன்று, 27-க்கு ஒன்று என்று வெட்டி, படுக்கையறை மேஜையில் சுவரோரம் நிறுத்திப் பார்த்தோம். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட வேண்டும், அதுதான் தூரம். 27 வைத்தால் மருந்து டப்பாவுக்கும் பால் பாட்டிலுக்கும் இடமில்லை. தவிர 27-ல் ஃபுல் ஹெச்.டி. என்றால் புள்ளி மறுபடி விரிகிறது. 2560 புள்ளி இருப்பதாக வாங்கினால் விலை ஏறுகிறது. 24 போதும் என்று அவளே சொன்னாள். ஏற்றி இறக்குகிற ஸ்டாண்டு உள்ளதாகப் பார்க்கச் சொன்னேன். இல்லாவிட்டால் பாதகமில்லை, இரண்டு பழைய காலண்டர் ஆல்பத்தை அடியில் வைத்தால் தீர்ந்தது. கடையில் வாங்குமுன், தான் செய்த அட்டைப் படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய், அச்சான அதே அட்டையையும் பக்கத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

மருமகப்பிள்ளைக்கு 43 இஞ்சு போனதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். மிச்சப்பட்ட சீட்டுப் பணத்தை யார் வாங்கி முடிந்துகொண்டது என்று நான் எழுத மாட்டேன். சம்பந்தியம்மா இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவர்.

போன வாரம் பெண் போன் செய்தாள். தைலப் பாட்டில் இப்போது பெட்டிக்குள் இருக்கிறதாம். கழுத்து இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. கண்ணை ஒரு தரம் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன், பிரசவத்துக்குப் பிறகு அவள் காட்டவே இல்லை. புது முருகனுக்கு முதல் புரூப் வந்துவிட்டதாம். "நீலம் எப்படித்தா?" என்றேன்.

"ஸ்கிரீன்ல பாத்ததைவிட ஒரு பொட்டு கம்மி பெரியம்மா. ஆனா மயில் மயிலாவே இருக்கு. அச்சகத்துல லேபிளும் ரெண்டு குடுத்திருக்காங்க."

பின்னால் டம டம என்று ஒரே சத்தம். மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பேரன் தவில் வாசிக்கிறானாம்.